ஆடுகளத்து ஆசான் சையது அப்துல் ரகீம்

தோற்றுவாய்

கல்லூரி விழாக் கொண்டாடுங்கால் பழைய மாணவர் வந்து முதற்கண் நாடுவது வகுப்பறையை அன்று, மைதானத்தையே. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்து கூடும் அன்பர்கள், நரைத்த தலையினராய் மைதானத்தின் ஓரத்தே நின்று, எந்த ஆண்டில் எந்தக் கல்லூரியை எத்தனை கோல்களால் வென்றனர் என்று எண்ணியெண்ணி மகிழ்வதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். அதிபரின் அறைக்கு வெளியேயுள்ள அலுமாரியில் வெற்றிக் கிண்ணங்கள் வரிசையாக விளங்குகின்றன. அவற்றின் அடியிலே தலைவரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. பயிற்றிய ஆசிரியரின் பெயரோ எங்கும் இல்லை. இஃது எமது கல்லூரிக்கு மட்டும் உரிய வழக்கன்று. கிண்ணம் வைத்திருக்கும் கல்லூரி யாவற்றுக்கும் பொதுவானதே.

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் புலவர் ஒருவரைப் பற்றியே எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும் அவ்வலுமாரியின் முன் நின்றபோது எமது உள்ளத்தில் எழுந்தவர் வேறொருவர். அவர் எம்மைப் போலவே பயிற்றப்பட்ட ஆசிரியர். சிறு பாடசாலைகளிற் கற்பித்தவர். இளமையில் உதைபந்தாட்டம் ஆடியவர். பின்னர் ஆடுவதை விடுத்து ஆட்டுவிப்பவராகி, ஆசியாவின் முடியை இருமுறை தம் நாட்டுக்கு ஈட்டிக் கொடுத்தவர். ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை எமது மாணவரும் ஆசிரியரும் அறிதல் நன்றென எண்ணி இதனை வரையலானோம்.

பிறப்பும் இளமையும்

ரகீம் 1909 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 17 ஆம் நாள் ஐதராபாத் நகரிற் பிறந்தார். அக்காலத்தில் அந்நகர் நிசாம் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட சமத்தானத்தின் தலைநகராய் இருந்தது. 1918 இல் அங்கே நிறுவப்பட்ட உசுமானியாப் பல்கலைக்கழகம், ஆங்கிலத்தை விடுத்து உருது மொழியிலேயே உயர்கல்வி புகட்டிய பெருமைக்குரியது. நாட்டு மொழியில் உயர்கல்வி இயலாது என்று பலரும் கருதியிருந்த காலத்தில் அது செய்து காட்டிய செயல், தாய்மொழிக் கல்வியில் நாட்டமுள்ள எம் போன்றோர் நினைந்து போற்றுதற்குரியது.

அப்பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் ரகீம் இடம் பெற்றார். கல்வி முடித்த பின்னர் ஐதராபாத்தின் உள்ளூர்ச் சங்கங்களுக்காக ஆடினார். அவற்றுள் கமர் கழகம் அந்நாளில் நகரின் சிறந்த அணிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. அவர் திறமையான ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பெயர் நகரெல்லையைக் கடந்து பரவியதற்குக் காரணம் அவருடைய கால்கள் அல்ல. நாடெங்கும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர் அவர் காலத்தில் இருந்தனர். அவர்களுள் பலரை இன்று எவரும் நினைப்பதில்லை. நகரளவில் ஆடிய இவரையோ இன்றும் நினைக்கின்றோம். ஆட்டத்தை ஆடத் தெரிந்தவர் பலர். அதனைப் பிறர்க்கு உணர்த்தத் தெரிந்தவர் சிலரே. ரகீம் அச்சிலருள் ஒருவர்.

ஆடியவர் ஆசிரியரானது

ரகீமின் வாழ்க்கைத் தொழில் ஆசிரியத் தொழில். கச்சிகுடா நடுநிலைப் பாடசாலை முதலாகச் சில பாடசாலைகளில் அவர் கற்பித்தார். பின்னர் உடற்கல்வியிலே தகைமைப் பத்திரம் பெற்று, தாருல் உலூம் உயர்தரப் பாடசாலையிலும் சதர்காட் உயர்தரப் பாடசாலையிலும் விளையாட்டுத் துறையின் பொறுப்பை ஏற்றார். கற்பித்தலும் ஆடுதலும் இவ்வாறு அவரிடத்தே ஒன்று கூடின.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றனை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆட்டக்காரர் பலர் கால் தளர்ந்த பின்னர் பயிற்றுநர் ஆவதுண்டு. தாம் எவ்வாறு ஆடினரோ அவ்வாறே பிறரும் ஆடவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவர்; தம்மால் எளிதிற் செய்ய இயன்றதை மாணவன் செய்ய இயலாதபோது சினப்பர். ரகீம் இவ்வழி வந்தவரல்லர். கரும்பலகையின் முன் நின்று, விளங்காத பிள்ளைக்கு ஒரு கணக்கை மூன்று வழிகளில் விளக்கிப் பழகியவர் அவர். மாணவன் தவறு செய்தால் தவறு மாணவனிடத்தே மட்டும் உள்ளதன்று, கற்பித்த முறையிலும் உள்ளது என்று கருதும் பழக்கம் வகுப்பறை தரும் செல்வமாகும். அச்செல்வத்தை அவர் மைதானத்துக்குக் கொண்டு சென்றார்.

1940 களின் தொடக்கத்தில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரை அடைந்தது. 1948 செப்டெம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. ஆட்சி மாறியது, அரண்மனை ஆதரவும் பழைய அமைப்புகளும் மாறின. அம்மாற்றத்தினூடே விளையாட்டுத் துறை சிதையாது, முன்னிலும் வலுப்பெற்றது. அதற்கு உழைத்தவர்களுள் ரகீம் முதன்மையானவர்.

பொலிஸ் அணியும் புதிய பாடங்களும்

1950 இல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநர் பொறுப்பை ரகீம் ஏற்றார். அக்காலத்தில் இந்திய உதைபந்தாட்டம் என்றால் வங்காளமே என்பது பொதுக் கருத்து. கல்கத்தாவின் பெருங்கழகங்களுக்கு நிகராகத் தெற்கிலிருந்து ஓரணி எழும் என்று எவரும் எண்ணியிலர். அவ்வாண்டிலேயே பொலிஸ் அணி தூரந்துக் கிண்ண இறுதியாட்டத்தில் மோகன் பாகான் அணியை வென்றது. பம்பாயில் நடைபெறும் றோவர்சுக் கிண்ணத்தையோ 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து தனதாக்கிக்கொண்டது. 1956, 1957 ஆம் ஆண்டுப் பருவங்களில் ஐதராபாத் மாநில அணி சந்தோசுக் கிண்ணத்தை அடுத்தடுத்து வென்றது. ஒரு நகரமே ஒரு பாடசாலையாக, அப்பாடசாலைக்கு ரகீமே தலைமையாசிரியராக விளங்கினார் எனலாம்.

அவர் கையாண்ட முறைகள் எளியன, ஆயினும் ஆழ்ந்தன. வலக்கால் வலியுடையோர் இடக்காலைப் பயன்படுத்தாது ஒதுக்குவது ஆட்டக்காரரின் இயல்பு. இதனைக் கண்ட ரகீம், வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்னும் விதியோடு போட்டிகள் நடத்தினார். தனியொருவர் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்தோடிக் கைதட்டல் பெற விரும்புவதும் இளைஞரின் இயல்பு. அதனை மாற்றுதற்கு, பந்தை வைத்துக்கொண்டு ஓடுதல் கூடாது, பெற்றவுடன் தோழனுக்குக் கொடுத்துவிடல் வேண்டும் என்னும் விதியோடு வேறு போட்டிகளை நடத்தினார். குறையைக் கடிந்துரைப்பதிலும், அக்குறை தானே நீங்கும் வகையில் விளையாட்டை அமைப்பது மேலானது. ஆசிரிய கலாசாலையில் நாம் உளநூலாகக் கற்றதனை அவர் புழுதி படிந்த மைதானத்திற் செய்து காட்டினார்.

அணிவகுப்பிலும் அவர் புதுமை கண்டார். பழைய முறையில் முன்னணியின் நடுவே நிற்பவர் எதிரியின் கோல் வாயிலை அணுகி நிற்பார். எதிரணியின் நடுக்காவலர் அவரை விட்டகலாது நிற்பார். 1953 இல் இங்கிலாந்தை அதன் சொந்த மைதானமாகிய வெம்பிளியிலே 6 க்கு 3 என வென்ற ஹங்கேரி அணி வேறொரு வழியைக் காட்டியது. நடு முன்னணி வீரர் பின்வாங்கி நிற்பார். அவரைத் தொடர்ந்து காவலர் முன்னே வந்தால் அவருக்குப் பின்னே வெளி பிறக்கும். தொடராது நின்றால் பின்வாங்கியவர் தடையின்றிப் பந்தைப் பெறுவார். எதிரி எதனைச் செய்தாலும் இழப்பு எதிரிக்கே. இந்நுட்பத்தை ஆராய்ந்து தம் அணிக்கு ஏற்ப அமைத்தவர் ரகீம். நால்வர் காவல், இருவர் நடுக்களம், நால்வர் முன்னணி என்னும் வகுப்பினால் பிரேசில் 1958 இல் உலகக் கிண்ணத்தை வென்றது. அவ்வகுப்பின் சாயல் 1956 இலேயே ரகீமின் ஆட்டமுறையிற் காணப்பட்டது என்று உதைபந்தாட்ட வரலாறு வல்லார் கூறுவர்.

துரோணரும் ரகீமும்

மகாபாரதத்திலே துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகப் பெற்ற கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கின்றோம். கற்பிக்குந்தோறும் எமது உள்ளம் சற்றுக் கூசுவதுண்டு. மாணவனிடத்தே பெறுபவர் ஆசானா, மாணவனுக்குத் தருபவர் ஆசானா என்னும் வினா எழும். ரகீமின் வாழ்வில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று அவ்வினாவுக்கு விடையாய் அமைகின்றது.

துளசிதாசு பலராம் என்னும் இளைஞர் செக்கந்தராபாத்தின் அயலிலுள்ள அம்முகுடா என்னும் இடத்தைச் சேர்ந்தவர். வறிய குடும்பத்தினர். அவருடைய ஆட்டத்தைக் கண்ணுற்ற ரகீம் அவரைப் பயிற்சிக்கு அழைத்தார். ஐதராபாத்துக்கு நாள்தோறும் வந்து செல்ல இளைஞரிடம் பொருளில்லை. அதனை அறிந்த ரகீம், வாடகைத் துவிச்சக்கரவண்டி ஒன்றை அமர்த்தி வருமாறு நாளுக்கொரு ரூபாயைத் தாமே கொடுத்து வந்தார். பாடசாலை ஆசிரியர் ஒருவரின் வருவாயில் அத்தொகை சிறிதன்று. அவ்விளைஞர் 1956 இல் மெல்பேண் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். பின்னர் பிரதீப்குமார் பானர்ஜி, சுனி கோசுவாமி ஆகிய இருவரோடு மும்மணிகளுள் ஒருவராக நாடெங்கும் போற்றப்பட்டார். துரோணர் விரலை வாங்கினார். ரகீம் வண்டிக் கூலி கொடுத்தார். இவ்விருவருள் எவரை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது என்பதை ஆசிரிய நண்பர்களின் முடிவுக்கே விடுகின்றோம்.

டில்லி, கொழும்பு, எல்சிங்கி, மெல்பேண்

ஆசிய விளையாட்டுப் போட்டி முதன்முறையாக 1951 மார்ச்சு மாதத்திலே டில்லியில் நடைபெற்றது. உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் இந்திய அணி ஈரானை 1 க்கு 0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அணித்தலைவர் சைலேன் மன்னா. வெற்றிக் கோலை அடித்தவர் சாகு மேவாலால். அணியைப் பயிற்றியவர் ரகீம்.

மறு ஆண்டு, எமது நகராகிய கொழும்பிலே இந்தியா, பாகித்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் பங்குபற்றிய போட்டி தொடங்கிற்று. கொழும்புக் கிண்ணம் என்றே அது பெயர் பெற்றது. இந்தியாவும் பாகித்தானும் முதலாண்டுக் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் இரங்கூன், கல்கத்தா, டாக்கா ஆகிய நகரங்களில் 1955 வரை அது நடைபெற்றது. மூன்றிலும் வென்றது இந்தியாவே. வெள்ளவத்தையில் வாழும் மூத்த பழைய மாணவர் ஒருவர், சிறுவராய்த் தந்தையாரின் தோளில் இருந்து கொழும்புப் போட்டியைக் கண்டதை எம்மிடம் கூறியதுண்டு. இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடியதே அவருடைய நினைவில் நிலைத்திருக்கின்றது.

அவ்வெறுங்காலே அவ்வாண்டில் பெருந்துயரையும் தந்தது. 1952 யூலையில் பின்லாந்தின் எல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் யூகோசிலாவியா இந்தியாவை 10 க்கு 1 எனத் தோற்கடித்தது. வடபுலத்துக் குளிரிலே, ஈரப் புற்றரையிலே, சப்பாத்து அணியாத கால்கள் என் செய்யும்? அத்தோல்வியின் பின்னர் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் சப்பாத்து அணிதலைக் கட்டாயமாக்கிற்று. பத்துக் கோல் வாங்கிய அணியின் பயிற்றுநர் என்னும் பழியை ரகீம் சுமந்தார். பரீட்சையில் ஒரு வகுப்பு முழுவதும் தவறினால் ஆசிரியரின் நெஞ்சம் எத்துணை வேதனையுறும் என்பதை ஆசிரியரே அறிவர். அவர் தொழிலைத் துறந்தாரல்லர். பிறர் மீது பழி சுமத்தினாரல்லர். மீண்டும் மைதானத்துக்குச் சென்றார்.

நான்காண்டு கழிந்து 1956 இல் அவ்வுழைப்பின் பயன் மெல்பேணிலே விளங்கிற்று. முதலில் எதிர்ப்பட வேண்டிய ஹங்கேரி போட்டியினின்று விலகியமையால் இந்தியா காலிறுதியில் அவுஸ்திரேலியாவைச் சந்தித்தது. டிசெம்பர் 1 ஆம் நாள், அந்நாட்டையே அதன் மண்ணில் 4 க்கு 2 என வென்றது. நெவில் டி சூசா என்பார் தனியொருவராய் மூன்று கோல்களை அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தின் அரையிறுதியை எட்டிய முதலாவது ஆசிய நாடு என்னும் பெருமை இந்தியாவுக்கு உரியதாயிற்று. அரையிறுதியில் எதிர்ப்பட்டது, முன்பு பத்துக் கோல் அடித்த அதே யூகோசிலாவியா. முதற்பாதியில் எவரும் கோல் அடிக்கவில்லை. இடைவேளையின் பின்னர் முதற் கோலை அடித்தது இந்தியாவே. இறுதியில் யூகோசிலாவியா 4 க்கு 1 என வென்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் இந்தியா 3 க்கு 0 எனத் தோற்றது. ஆயினும் நான்காண்டுகளுக்கு முன் ஒன்பது கோல் வேறுபாட்டில் வீழ்ந்த அணி, அதே எதிரியின் முன் சிறிது நேரமேனும் முன்னணியில் நின்றது. நல்லாசிரியர் மாணவனை அளப்பது பிறனோடு ஒப்பிட்டன்று. அவனுடைய நேற்றைய நிலையோடு ஒப்பிட்டேயாம்.

உரோமாபுரியில் தந்தையும் மகனும்

1960 இல் உரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் இந்தியா, ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளோடு ஒரு பிரிவில் அமைந்தது. பின்னர் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் 2 க்கு 1 என்னும் சிறு வேறுபாட்டிலேயே தோற்றது. பிரான்சோடு 1 க்கு 1 எனச் சமநிலை கண்டது. பெருவிடம் 3 க்கு 1 எனத் தோற்று மீண்டது.

அவ்வணியில் ரகீமின் மைந்தர் சையது சாகித் அக்கீம் என்பவரும் ஒருவர். மைந்தரைத் தந்தையே தெரிந்தெடுத்தார் என்று எவரேனும் முணுமுணுத்தல் கூடும். ஆயினும் மூன்று ஆட்டங்களிலும் மைந்தர் களம் புகவில்லை. ஒலிம்பிக் மைதானத்தில் மகன் ஒருமுறையேனும் கால் பதிப்பதைக் காண விரும்பாத தந்தையும் உண்டோ? ஒரு சொல்லினால் ஆகக்கூடியது அது. அச்சொல்லை ரகீம் சொல்லவில்லை. தம் பிள்ளை பயிலும் வகுப்பிலேயே கற்பிக்க நேர்ந்த ஆசிரியர்க்கு இதன் அருமை புலனாகும். மைந்தரும் அதனாற் கசப்புற்று ஆட்டத்தை விட்டொழிந்தாரல்லர். பிற்காலத்தில் சர்வதேச நடுவராகவும் பயிற்றுநராகவும் பணியாற்றி, 2021 இல் மறைந்தார்.

ஜகார்த்தாவின் வெற்றி

ரகீமின் வாழ்வின் சிகரம் 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. அப்போது புற்றுநோய் அவரது நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தது.

தொடக்கமே தோல்வி. தென் கொரியா 2 க்கு 0 என வென்றது. அடுத்துத் தாய்லாந்தை 4 க்கு 1 என இந்தியா வென்றது. ஆனால் காவலில் மதிலென நின்ற ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து ஆறு தையல் இடப்பட்டது. யப்பானை 2 க்கு 0 என வென்றபின் அரையிறுதி வந்தது. காயமுற்றவரைக் காவலில் நிறுத்துவதும் இடர். முற்றாக நீக்குவதும் இழப்பு. ரகீம் அவரைக் காவலினின்று எடுத்து முன்னணியின் நடுவில் நிறுத்தினார். கண்டோர் வியந்தனர். தென் வியட்நாமுக்கு எதிரான அவ்வாட்டத்தை இந்தியா 3 க்கு 2 என வென்றது. அவற்றுள் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது.

இதற்கிடையே களத்துக்கு வெளியே புயலொன்று எழுந்தது. இசுரவேலுக்கும் தாய்வானுக்கும் அவ்வாண்டுப் போட்டியில் இடமளிக்கப்படவில்லை. அதனை ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் இந்தியப் பிரதிநிதியாகிய சோந்தி என்பார் கண்டித்தார். இந்தோனேசிய மக்கள் வெகுண்டனர். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அரசியலார் மூட்டிய தீ ஆட்டக்காரரைச் சுட்டது. வீரர்கள் வெளியே நடமாடவும் அஞ்சினர்.

இறுதியாட்டத்துக்கு முந்திய நாள் ரகீம் தம் மாணவரை அழைத்து, தமக்கு அவர்கள் ஒரு பரிசு தரவேண்டும் என்றும், அது மறுநாளைத் தங்கப் பதக்கமே என்றும் வேண்டிக்கொண்டதாக அவ்வணியினர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தனர். கேளாதே கொடுத்து வந்தவர் கேட்ட காணிக்கை அஃதொன்றே.

செப்டெம்பர் 4 ஆம் நாள், ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் திரண்ட அரங்கிலே இந்திய அணி மீண்டும் தென் கொரியாவை எதிர்த்து நின்றது. இந்தியாவின் தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது கூட்டத்தினர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அவ்வெதிர்ப்புக் கடலின் நடுவே இந்தியாவுக்காக ஆர்ப்பரித்த சிறு கூட்டமொன்று இருந்தது. அவர்கள் யாவர் எனின், வளைகோற் பந்தாட்டத்தில் தங்கம் வென்றிருந்த பாகித்தான் வீரர்கள். அரசுகள் பகைத்து நின்றபோதும் ஆட்டக்காரர் ஆட்டக்காரரை அறிந்துகொண்டனர்.

காய்ச்சலால் நலிந்திருந்த பீற்றர் தங்கராசை ரகீம் கோல் காப்பாளராக மீண்டும் நிறுத்தினார். மதறாஸ் படைப்பிரிவின் அணியில் ஆடிப் புகழ்பெற்ற நெடிய உருவினர் அவர். ஜர்னைல் சிங், தலையிலே தையலோடு மீண்டும் முன்னணியில் நின்றார். ஆட்டம் தொடங்கி 17 ஆவது நிமிடத்திற் பிரதீப்குமார் பானர்ஜி முதற் கோலை அடித்தார். மூன்று நிமிடம் கழிந்து ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் தென் கொரியா ஒரு கோல் அடித்தது. அதற்கு மேல் இயலவில்லை. சுனி கோசுவாமியின் தலைமையில் ஆடிய இந்திய அணி 2 க்கு 1 என வென்றது. முதல் நாளில் தம்மை வென்றவரையே இறுதி நாளில் வென்றனர். இகழ்ந்த கூட்டம் அமைதியுற்றது. மாணவர் காணிக்கையைச் செலுத்திவிட்டனர்.

மறைவு

அவ்வெற்றியின் பின் ஒன்பது திங்களே ரகீம் உயிர்வாழ்ந்தார். 1963 யூன் 11 ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில், நோய்க்கு இரையாகி மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய உதைபந்தாட்ட அணி தங்கம் வென்றதில்லை. 1960 இன் பின்னர் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இடம்பெறும் தகுதியையும் அது பெற்றதில்லை. ஒருவர் மறைவினால் மட்டுமே ஒரு நாட்டின் விளையாட்டுத் தாழ்ந்தது என்று உரைத்தல் மிகையாகலாம். ஆயினும் மாணவரை உருவாக்கியவர் இருந்தார். தம்மைப் போன்ற ஆசிரியரை உருவாக்குதற்கு வேண்டிய காலமும் வசதியும் அவருக்கு வாய்க்கவில்லை என்பது வெளிப்படை.

சிறந்த பயிற்றுநர்க்கென இந்திய அரசு ஏற்படுத்திய துரோணாச்சாரியர் விருது 1985 இலேயே தோன்றியது. அப்போது ரகீம் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் வரலாற்றைத் தழுவிய மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்த பின்னரே இளைய தலைமுறையினர் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றனர். அவர் கோல் அடிக்க வைத்தவர்களின் பெயர்கள் நூல்களில் இருந்தன. அவர் பெயரோ அறுபது ஆண்டுகள் காத்திருந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றை வரையுங்கால் எமது குற்றமொன்று எம்மை உறுத்திற்று. அதனை இங்கு மறையாது உரைத்தல் முறையாகும். பல ஆண்டுகளுக்கு முன்னர், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன் எமது வகுப்பில் இருந்தான். இலக்கணத்திற் பின்தங்கியவன், பந்தைக் கண்டால் உயிர் பெறுபவன். தவணைப் பரீட்சையில் அவன் தவறியபோது, பந்து உதைப்பதால் வயிறு நிறையாது என்று அவன் தந்தையாரின் முன்னிலையில் நாம் கூறினோம். தந்தையார் அவனை விளையாட்டினின்று நிறுத்தினார். மறு தவணையில் அவனுடைய இலக்கணப் புள்ளிகள் உயரவில்லை. முகத்தில் இருந்த ஒளியோ மறைந்துவிட்டது. ஒரு பிள்ளை எவ்விடத்தில் கற்கின்றான் என்பதை அறியாத ஆசிரியராய் அன்று இருந்தோம். மைதானத்தின் ஓரத்துக்கு ஒருநாள் சென்று அவன் ஆடுவதைக் கண்டிருந்தால், விட்டுக்கொடுத்தலும் காத்திருத்தலும் விதிக்கு அடங்குதலும் ஆகிய பாடங்களில் அவன் முதன்மையானவன் என்பதை அறிந்திருப்போம். அவ்வழியே இலக்கணத்துக்கும் அவனை அழைத்து வந்திருப்போம். ரகீம் அவ்வாறே செய்திருப்பார்.

ஆதலின் இவ்விழாவின்போது எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. பழைய மாணவ அன்பர்களே, நீங்கள் வென்ற கிண்ணங்களின் கதைகளைப் பேசி மகிழுங்கால், மாலை வெயிலில் குடையின்றி நின்று உங்களைப் பயிற்றியவரின் பெயரையும் நினைவு கூருங்கள். அவர் உயிரோடிருப்பின் சென்று காணுங்கள். மறைந்தாரெனின் அவர் பெயரைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அலுமாரியின் அடித்தட்டிலே சிறு பலகையொன்றில் அப்பெயர்களைப் பொறித்தல் பெருஞ்செலவுடைய செயலன்று. மாணவச் செல்வங்களே, நீங்கள் ஆடும் நாள் ஒருநாள் முடியும். அன்று வருந்தாது திரும்பி நோக்குங்கள். மைதானத்தின் ஓரத்தே உங்களிலும் இளையவன் ஒருவன் பந்தோடு நிற்பான். உங்கள் இரண்டாவது ஆட்டம் அவனிடத்தே தொடங்குகின்றது.

சையது அப்துல் ரகீம் என்னும் ஆசிரியரின் நினைவு நீடுழி வாழ்க. எமது கல்லூரியும் அதன் மைதானமும் வளம் பெறுக.